ஒத்த சொல் அட்டைப்பெட்டியும் அதன் செயலியும்: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற ஆண்டின் நடுவில் என் கணவருக்கு பாஸ்டன் நகருக்கு மாற்றல் உறுதியானது. சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளை அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதற்காக நாங்கள் பார்த்துவைத்திருந்த தனியார் பள்ளிகளுள் இரண்டு, எஸ்எஸ்ஏடி என்று சுருக்கி அழைக்கப்படும் செகண்டரி ஸ்கூல் அட்மிஷன் டெஸ்ட்டின் மதிப்பெண்ணைக் கேட்டன. கணக்குப் பகுதி பற்றி எங்களுக்குப் பெரிய கவலை எழவில்லை. சிங்கப்பூர்ப் பாடத்திட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் நடந்து பழகிய பாதைதான். மாதிரித் தாளை முதன்முதலாகப் புரட்டிய அன்று எங்கள் இருவரையும் திகைக்கவைத்தது சொல்வளப் பகுதி. அதற்கென்று நான் வாங்கிய 500 அட்டைகள் கொண்ட பெட்டியை நான்கு மாதமும், அதே நிறுவனம் மாதச் சந்தாவுக்கு வழங்கும் திறன்பேசிச் செயலியை அதில் சில மாதங்களும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பெட்டியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் வேறு சில பெட்டிகளும் விற்பனையில் உள்ளன. நான் குறிப்பிடும் நிறைகுறைகளுள் பெரும்பாலானவை இந்த அமைப்புக்கே உரியவை.

தேர்வின் வடிவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்; அது தெரியாமல் இந்தப் பெட்டி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை எடைபோட முடியாது. என் மகள் எழுதிய மேல்நிலைத் தேர்வில் சொல்வளப் பகுதிக்கு 60 கேள்விகளும் 30 நிமிடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 30 கேள்விகள் ஒத்த சொற்களைப் பற்றியவை. மற்ற 30, இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைக் கண்டறிந்து அதே உறவுள்ள மற்றோர் இணையைத் தேடச் சொல்பவை. ஆக, ஒரு கேள்விக்குச் சராசரியாக அரை நிமிடம். ஒத்த சொல் கேள்வியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல் நிற்கும். கீழே ஐந்து தெரிவுகள் இருக்கும். அவற்றுள் பொருளால் மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், விடாமல் எழுதித் தவறினால் கால் மதிப்பெண் குறைப்பு, தொடாமல் விட்டால் பூஜ்யம்.

இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒத்த சொல் என்பதே புதிதன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு நெருங்கிய பொருள் தரும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆனால் அங்கே சொல்லைச் சுற்றி ஒரு பத்தி இருக்கிறது. சொல்லின் பொருள் தெரியாவிட்டாலும், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். எஸ்எஸ்ஏடியில் அந்தக் கை இல்லை. ஆறு ஆண்டுகளாகச் சூழலை வைத்துப் பொருளை ஊகிக்கும்படி நல்ல முறையில் பழக்கப்பட்ட என் மகள், தனித்து நிற்கும் சொல்லைப் பார்த்ததும் நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியைத் தவறவிட்டவளைப்போல் ஆனாள். முதல் மாதிரித் தாளின் 30 ஒத்த சொல் கேள்விகளில் 14 சரி, 11 தவறு, 5 விடப்பட்டவை. கழிவுக்குப் பிறகு கைக்கு வந்தது 11.25.

பெட்டிக்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து அஞ்சலில் வரவழைத்தேன். அஞ்சல் செலவும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்ந்து 70 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. அட்டைகள் தடிமனானவை, நான்கு மாதம் பள்ளிப்பையிலும் பெருவிரைவு ரயிலிலும் உணவங்காடி மேசையிலும் உழன்ற பிறகும் மூலைகள் மடங்கவில்லை. ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் சொல்லும் அதன் இலக்கண வகையும் உள்ளன. பின்பக்கத்தில் மூன்று ஒத்த சொற்களும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் உள்ளன. பெட்டிக்குள் ஐந்து தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்கு முன்னேறும். தவறிய அட்டை மீண்டும் முதல் தடுப்புக்கே திரும்பும். பின்னால் உள்ள தடுப்புகளை நாள் இடைவெளி கூட்டிக்கூட்டித் திறக்க வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. தெரிந்த சொல்லையே திரும்பத் திரும்பப் படித்து மனநிறைவு அடையும் வழக்கத்தை இது உடைக்கிறது என்பதை நான் நேரில் கண்டேன். நாளொன்றுக்கு 12 புதிய அட்டைகள் என்று வைத்துக்கொண்டதால் ஆறு வாரத்தில் எல்லா அட்டைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிட்டாள். அதற்கு மேல் திணித்த நாள்களில் பழைய அட்டைகள் முதல் தடுப்பில் குவிந்து, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு நானே எண்ணிக்கையைக் குறைத்தேன்.

பெட்டியின் மிகச் சிறந்த அம்சம், அட்டைகளின் ஓரத்தில் பூசப்பட்டிருக்கும் வண்ணம்தான். ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களுக்கு ஒரே வண்ணம். நன்மையைக் குறிக்கும் 'பெனி' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த 'பெனிவொலண்ட்', 'பெனிஃபாக்டர்', 'பெனிடிக்‌ஷன்' ஆகிய மூன்றும் ஒரே வண்ணத்தில் இருக்கின்றன; தீமையைக் குறிக்கும் 'மல்' என்ற வேரின் சொற்கள் வேறு வண்ணத்தில் இருக்கின்றன. பேசுதலைக் குறிக்கும் வேரிலிருந்து 'எலக்வண்ட்', 'லக்வேஷஸ்', 'கலோக்வியல்' மூன்றும் பிறந்தன என்று கண்டதும், என் மகள் தானாகவே தமிழில் 'சொல்', 'சொல்லாடல்', 'சொற்பொழிவு' என்று அடுக்கத் தொடங்கினாள். வேரைப் பிடித்தால் அட்டையில் இல்லாத சொல்லையும் தேர்வில் எட்டிப் பிடிக்க முடியும். மனப்பாடம் மட்டும் செய்தால் அந்த 500 சொற்களோடு நின்றுபோக வேண்டியதுதான்.

ஆனால் அட்டையின் பின்பக்கத்தில்தான் என் முதன்மைக் குறை இருக்கிறது. அங்கே அச்சிட்டிருக்கும் மூன்று சொற்களையும் எடைக்கு எடை சமமானவைபோல் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். 'ஃப்ரூகல்' என்ற சொல்லின் பின்னால் 'த்ரிஃப்டி', 'எகனாமிகல்', 'ஸ்டிஞ்சி' என்று இருக்கிறது. முதல் இரண்டும் பாராட்டு, மூன்றாவது வசை. மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்த பிள்ளைக்குத் தேர்வில் 'த்ரிஃப்டி'யும் 'ஸ்டிஞ்சி'யும் ஒரே கேள்வியின் தெரிவுகளாக வந்தால் என்ன செய்வாள்? மாதிரித் தாள் ஒன்றில் ஏறத்தாழ அப்படியே வந்தது. அவள் 'ஸ்டிஞ்சி'யைக் குறித்தாள். அட்டை சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்தாள் என்பதால் என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மாமியார் குறுக்கிட்டார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. சிக்கனக்காரர் வேறு, கஞ்சன் வேறு இல்லையா என்று கேட்டார். மாமனார் சிக்கனக்காரர் என்றும், மாமனாரின் அண்ணன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்றும், இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் மாமனாரின் ஆவி பொறுக்காது என்றும் விளக்கினார். என் மகள் சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வந்து, 'ஃப்ரூகல்' அட்டையின் பின்னால் 'சிக்கனம், தாத்தா' என்றும், 'ஸ்டிஞ்சி' என்ற சொல்லுக்குக் கீழே 'காக்கை, பெரிய தாத்தா' என்றும் எழுதினாள். அதன் பிறகு அந்த இரண்டையும் அவள் ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை.

அந்த ஒரு பென்சில் குறிப்பிலிருந்துதான் எங்கள் பயிற்சியே திசை மாறியது. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று ஒத்த சொற்களுக்கும் தமிழில் தனித்தனியே ஒரு சொல்லோ சொற்றொடரோ எழுத வேண்டும், மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லை எழுதக் கூடாது என்று விதி வைத்தோம். 'கன்சைஸ்' சுருங்கச் சொல்லல். 'கர்ட்' வெடுக்கென்று பேசுதல். 'டெனேஷியஸ்' விடாப்பிடி, 'ஆப்ஸ்டினட்' பிடிவாதம். 'ஃபேமஸ்' புகழ்பெற்ற, 'நொட்டோரியஸ்' என்ற சொல்லுக்கு என் மாமியார் 'ஊர் சிரித்த' என்று கொடுத்தார், அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாலைப்பொழுதில் பத்து அட்டைகளுக்கு மேல் இப்படி எழுத முடியாது, மெதுவான வேலைதான். ஆனால் சாயலுக்குச் சாயல் வேறுபடும் சொற்களை வாழ்நாள் முழுவதும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்த நுட்பத்தை ஆங்கிலத்துக்குக் கடத்திக்கொண்டு போக முடியும் என்பதை அட்டைகளை அச்சிட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்வளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வீட்டில் தமிழைக் குறைக்க வேண்டும் என்று ஆலோசனை வழங்குபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்த நான்கு மாத அனுபவம் அதற்கு நேர்மாறாக இருந்தது.

சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து மனப்பாடம் செய்வது நம்மவர்களுக்குப் புதிய கலையும் அன்று. பீட்டர் மார்க் ரோஜே தம் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் நிகண்டுகள் இருந்தன. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவற்றைச் செய்யுளாகவே ஒப்பித்தார்கள். அவற்றுள் ஒன்றான திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று முதலில் வரும் தொகுதிகள் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினொன்றாவது தொகுதிக்கு 'ஒருசொல் பலபொருட்பெயர்த் தொகுதி' என்று பெயர். ஒத்த சொல் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பதினொன்றாம் தொகுதியின் ஆங்கில வடிவம்தான் என்பது என் கருத்து. ஏனெனில் தேர்வைத் தயாரிப்பவர்கள் கடினமான சொல்லைத் தேடி அகராதியின் மூலைகளுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. எளிய சொல்லின் இரண்டாவது பொருளைக் கேட்டாலே போதும். 'கிரேவ்' என்றால் கல்லறை என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து தெரிவுகளும் பண்பைக் குறிக்கும் சொற்களாக இருந்தால் அது 'கவலைக்குரிய' அல்லது 'இறுக்கமான' என்று பொருள்படும் 'கிரேவ்'. 'டெம்பர்' என்றால் சினம்; தெரிவுகள் வினைச்சொற்களாக இருந்தால் அது தணித்தல். 'சாங்ஷன்' ஒப்புதலையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும்.

இந்த வகையில் பெட்டி ஏமாற்றமளிக்கிறது. ஓர் அட்டைக்கு ஒரு பொருள் என்ற கணக்கிலேயே எல்லாம் அச்சாகியிருக்கிறது. முன்பக்கத்தில் இலக்கண வகையைக் குறித்திருப்பது நல்லதுதான். ஆனால் தேர்வுத் தாளில் அந்தக் குறிப்பு இருக்காது. தெரிவுகளைப் பார்த்துத்தான் கேட்கப்படும் சொல் பெயரா, வினையா, பண்பா என்று முடிவு செய்ய வேண்டும். நாங்கள் ஒரு சிறு ஒட்டுத்தாளால் அந்தக் குறிப்பை மறைத்துவிட்டோம். பலபொருள் சொற்களுக்கென்று சுமார் 60 வெற்று அட்டைகளை நாங்களே வெட்டி எழுதிச் சேர்த்தோம். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் மத்தியப் பொது நூலகத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நல்ல ஆங்கில அகராதியுடன் உட்கார்ந்து செய்த வேலை அது. குளிரூட்டிய அறையில் காசு செலவின்றி முடிந்தது.

இன்னொரு குறை, பயிற்சியின் திசையைப் பற்றியது. 'எனர்வேட்' என்ற அட்டையைக் காட்டினால் என் மகள் உடனே 'வீக்கன்' என்று சொல்லிவிடுவாள். ஐந்தாம் தடுப்புவரை போன அட்டை அது. அதே சொல் மாதிரித் தாளில் வந்தபோது தெரிவுகளுள் 'எனர்ஜைஸ்' என்று ஒன்று இருந்தது. அவள் கை அதன்மேல்தான் விழுந்தது. ஒலியால் அண்டை வீடு, பொருளால் எதிர்வீடு. நரம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்து, நரம்பை உருவியதுபோல் தளரச் செய்தல் என்று பொருள்படும் சொல் அது. இதை ஒரு வரியில் அட்டையில் எழுதியிருந்தால் அவள் ஏமாந்திருக்க மாட்டாள். எதிர்ச்சொல்லும், ஒலியால் ஒத்த சொல்லும் தெரிவுகளுக்குள் பதுங்கியிருக்கும்போது எப்படிச் சமாளிப்பது என்பதை அட்டையால் கற்பிக்க முடியாது. அதைக் கற்பிக்க வேண்டிய கடமை செயலிக்கு இருந்தது.

செயலியைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. மாதம் 14.90 வெள்ளி. சொற்களின் உச்சரிப்பைக் கேட்கலாம் என்பது அதன் ஒரே உண்மையான பயன். கண்ணால் மட்டுமே அறிந்த பல சொற்களை என் மகள் அதில்தான் முதன்முதலாகக் காதால் கேட்டாள். மற்றபடி, அதில் வரும் தவறான தெரிவுகள் எந்தத் தொடர்பும் இல்லாதவை. 'பாராட்டு' என்று பொருள்படும் சொல்லுக்குக் கீழே நாற்காலி, மேகம், வாளி என்ற மட்டத்தில் தெரிவுகள் இருந்தால் பொருள் தெரியாத பிள்ளைகூடச் சரியாகக் குறித்துவிடும். திரையில் பட்டாசு வெடிக்கும். நமக்குத் தெரியும் என்ற மயக்கம் வரும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் தருகிறது. தேர்வு தருவதோ அதில் பாதி. தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதும் இல்லை. போதாக்குறைக்கு, இரவு பத்து மணிக்கு அன்றைய பயிற்சியை நினைவூட்டி ஒலியெழுப்புகிறது. இரண்டாம் மாத இறுதியில் சந்தாவை நிறுத்தச் சொல்லி மூன்று மின்னஞ்சல்கள் எழுதிய பிறகே நிறுத்தினார்கள். அதற்குள் மூன்றாம் மாதக் கட்டணமும் கடனட்டையிலிருந்து போய்விட்டது.

கால் மதிப்பெண் கழிவைப் பற்றிப் பெற்றோரிடையே ஓர் அச்சம் இருக்கிறது. தெரியாவிட்டால் தொடவே கூடாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்திவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த அச்சம் பாதிதான் சரி. ஐந்து தெரிவுகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்து கேள்விகளுக்கு ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும். நான்கு தவறாகி நான்கு கால்கள், அதாவது அதே ஒரு மதிப்பெண் போகும். சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு தெரிவையாவது உறுதியாக நீக்க முடிந்தால் தராசு நம் பக்கம் சாய்கிறது. இரண்டை நீக்கினால் இன்னும் சாய்கிறது. ஆகவே சொல்லின் முழுப்பொருள் தெரியாவிட்டாலும், அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்ற வாசனை மட்டும் தெரிந்தால்கூடப் பயனுண்டு. அட்டைகளின் பின்னால் தமிழில் எழுதும் பழக்கம் இங்கேதான் எங்களுக்கு எதிர்பாராத வகையில் கைகொடுத்தது. சிக்கனம், கஞ்சத்தனம் என்று பிரித்துப் பிரித்து எழுதியதில், ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் பாராட்டா பழிப்பா என்ற குறி அவள் மனத்தில் தானாகவே விழுந்திருந்தது. கடைசி மாதிரித் தாளில் 21 சரி, 4 தவறு, 5 விடப்பட்டவை. கழிவுக்குப் பிறகு 20. இந்த முன்னேற்றம் முழுவதையும் பெட்டியின் கணக்கில் எழுத மாட்டேன். நான்கு மாதத்தில் அவள் படித்து முடித்த கதைப்புத்தகங்களுக்கும், ஓயாமல் கேள்வி கேட்ட அப்பத்தாவுக்கும் அதில் பங்குண்டு.

துணைப்பாட நிலையம் ஒன்றில் இதற்கென்று நடத்தப்படும் வார இறுதி வகுப்புக்கு ஒருமுறை சோதனையாக அனுப்பிப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்தில் 80 சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லி, இறுதியில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். மறுவாரம் அந்தப் பட்டியலிலிருந்து அவளுக்கு நினைவிருந்தவை பன்னிரண்டோ பதின்மூன்றோதான். அதே கட்டணத்தில் இரண்டு பெட்டிகள் வாங்கலாம்.

யாருக்கு இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், தனிச் சொல்லைக் கொடுத்து ஒத்த சொல் கேட்கும் தேர்வுகளை எழுதப்போகிறவர்களுக்கும், அட்டையின் பின்னால் எழுத மாலையில் அரை மணி நேரம் உடன் உட்காரும் பெரியவர் ஒருவர் வீட்டில் உள்ளவர்களுக்கும் பரிந்துரைப்பேன். தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, கல்வி அமைச்சு நடத்தும் அனைத்துலக மாணவர் சேர்க்கைத் தேர்வின்மூலம் இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் தோழிகள் சிலர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். அங்கே ஆங்கிலம் வாசிப்புக்குள்ளும் எழுத்துக்குள்ளும் வைத்துச் சோதிக்கப்படுகிறது; தனிச்சொல் அட்டைகளுக்குச் செலவிடும் மாலைகளைப் பத்திகளை வாசிப்பதில் செலவிடுவது மேல். செயலியை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

வாங்க முடிவு செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அட்டைகளில் வரிசை எண் அச்சிடப்படவில்லை. சொற்களின் பட்டியலும் பெட்டிக்குள் இல்லை. எங்களுக்குப் புதிதாக வந்த பெட்டியிலேயே 493 அட்டைகள்தாம் இருந்தன. விடுபட்ட ஏழு எவை என்று கண்டுபிடிக்க, செயலியில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதையும் செலவழித்தோம். பிறர் பயன்படுத்திய பெட்டியை இங்கே கைமாற்றாக வாங்குபவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் விற்பவரின் எதிரிலேயே அட்டைகளை எண்ணிவிடுங்கள்; எண்ணி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.